பொன்னைப் பொன்னோடு சேர்ப்பது

யாழ்ப்பாணத்துக் கல்யாண வீடுகளில் தாலி செய்யக் கொடுப்பதே ஒரு சடங்கு. நல்ல நாளும் நேரமும் பார்த்து ஆசாரியார் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவார். நிறைகுடம், குத்துவிளக்கு, வெற்றிலை பாக்கு, பழத்தட்டு எல்லாம் வைத்த இடத்தில் உமியும் கரியும் நிறைந்த சட்டியை வைத்து நெருப்பு மூட்டுவார். வீட்டார் ஒரு தங்க நாணயத்தை அவர் கையில் கொடுப்பார்கள். அதைக் குகை என்ற சிறிய உருக்கும் கிண்ணத்துக்குள் போட்டு, ஒரு சிட்டிகை வெண்காரம் தூவி, ஊதுகுழலை உதட்டில் வைப்பார். முதலில் ஒன்றும் நடக்காது. நாணயம் மெல்லச் சிவக்கும். விளிம்பு மழுங்கும். மேலே இருந்த உருவமும் எழுத்தும் கரையும். பிறகு ஒரே நொடியில் எல்லாம் சரிந்து, பளபளவென்று ஓர் உருண்டையாகத் திரண்டு நிற்கும். இதுதான் பொன்னுருக்கல்.

தட்டையாகப் போன நாணயம் உருண்டையாக எழுந்து நிற்பதற்குக் காரணம் பரப்பு இழுவிசை. உருகிய பொன்னின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதைப் போல் ஏறத்தாழ 16 மடங்கு. தாமரை இலைமேல் நீர்த்துளி முத்தாக நிற்பதைப் பார்த்திருப்போம். அதைவிடப் பன்மடங்கு இறுக்கத்தோடு பொன் தன்னைத் தானே சுருட்டிக்கொள்கிறது. ஒரு பவுன் பொன் உருகித் திரண்டால் சுண்டைக்காய் அளவுதான் இருக்கும், குறுக்கே ஒரு சென்டிமீட்டர். எட்டு கிராம் எடை அதற்குள் அடங்கிவிடும். பொன்னின் அடர்த்தி தண்ணீரைவிட 19.3 மடங்கு.

சடங்கின் மங்கலப் பொருளைப் பெரியவர்கள் சொல்வார்கள். அதோடு இன்னொரு பொருளும் அந்தக் கூடத்தில் நிகழ்கிறது. கொடுத்த பொன் எது, அது எப்படி உருமாறியது என்பதை இரண்டு குடும்பத்து ஆட்களும் தங்கள் கண்ணாலேயே பார்க்கிறார்கள். நகை செய்யக் கொடுக்கும் ஒவ்வொருவர் மனத்திலும் இருக்கும் ஒரே கேள்வி அதுதான்: கொடுத்த பொன்தான் திரும்பி வருகிறதா? நெருப்புக்குள் போகும் பொருள் அடையாளம் இழந்துவிடுகிறது. அப்படி இழந்த பிறகும் அதன் அளவையும் தரத்தையும் எப்படி உறுதி செய்வது என்று மனிதர்கள் யோசித்த யோசனைகளே பொற்கொல்லர் பட்டறையின் கருவிகளாக ஆகியிருக்கின்றன.

பவுன் என்ற சொல்லிலேயே அந்த யோசனையின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியில் புழங்கிய சாவரின் என்ற ஒரு பவுண்டு தங்க நாணயத்தின் எடை 7.988 கிராம், தரம் 22 காரட். யார் கையில் இருந்தாலும் எடையும் தரமும் மாறாத பொன் என்பதால் நகைக்கு அதுவே அளவாயிற்று. நாணயம் புழக்கத்திலிருந்து போனது. எட்டு கிராம் என்று முழுதாக்கப்பட்ட அளவும் பேரும் தமிழர் பேச்சில் நிலைத்துவிட்டன.

ஆசாரி, பத்தர், தட்டார் என்று ஊருக்கு ஊர் பேர் மாறினாலும், பழைய நகையை எடுத்துக்கொண்டு போய் அவர்முன் உட்காருகிறவர்களின் தயக்கம் எல்லா ஊரிலும் ஒன்றே. அம்மாவின் சங்கிலி, ஐந்து பவுன், அதாவது 40 கிராம். அதை உருக்கி மகளுக்கு இரண்டு வளையல் செய்ய வேண்டும். பெரியவர் அதை வாங்கி, முதலில் கண்ணால் பார்ப்பார். பிறகு கறுத்த கல் ஒன்றை எடுத்து அதில் ஓர் இழுப்பு இழுப்பார்.

அதுதான் உரைகல். வள்ளுவர் கட்டளைக்கல் என்று சொன்னதும் இதையே. கல் கறுப்பாக இருப்பதால் பொன் தேய்ந்த கோட்டின் நிறம் துலங்கும், பொன்னைவிடக் கடினமான, நுண்ணிய மணிகள் கொண்ட கல் என்பதால் பொன்னைச் சுரண்டி எடுக்கும், அமிலத்தில் கரையாது. நகையால் ஒரு கோடு, பக்கத்திலேயே மாற்று, அதாவது தரம், தெரிந்த பொன் ஊசிகளால் சில கோடுகள். எந்தக் கோட்டோடு நிறம் ஒத்துப்போகிறது என்று பார்ப்பதே சோதனை. மேலே ஒரு சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டால் செம்பும் வெள்ளியும் கரைந்து போகும், பொன் அப்படியே நிற்கும். தேர்ந்த கண் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு வித்தியாசத்தைப் பிடித்துவிடும். பயிற்சியால் மட்டுமே வரும் அந்தக் கண்ணைப் பெரிய சாதனை என்றே சொல்ல வேண்டும். ஆனால் 40 கிராமில் நூற்றுக்கு ஒரு பங்கு என்றால் 400 மில்லிகிராம். இன்றைய விலையில் அது சின்னத் தொகை அல்ல.

உரைகல் 88 என்று சொல்கிறது என வைத்துக்கொள்வோம். நூறு பங்கில் 88 பங்கு பொன். அப்படியானால் 40 கிராம் சங்கிலிக்குள் இருக்கும் சுத்தத் தங்கம் 35.2 கிராம். புது வளையல் 916 தரத்தில், அதாவது 22 காரட்டில், வேண்டுமென்றால், அந்த 35.2 கிராமைக் கொண்டு 38.4 கிராம் வளையல்தான் செய்ய முடியும். யாரும் ஒரு குன்றிமணி அளவுகூட எடுக்கவில்லை. ஆனாலும் தராசில் ஒன்றரை கிராமுக்கு மேல் குறைந்துவிட்டது. எத்தனையோ குடும்பங்களில் ஆசாரிமேல் விழுந்த பழிக்கு இந்தக் கணக்கே காரணமாக இருந்திருக்கும். வாங்கும்போது 22 காரட் என்றுதானே வாங்கினோம் என்று வீட்டார் கேட்பார்கள். சங்கிலியின் வளையங்களை மட்டும் தனியே எடுத்துச் சோதித்தால் 22 காரட்டாகவும் இருக்கலாம். குறை இருப்பது வளையங்களை ஒட்டிய இடங்களில்.

அந்த ஒட்டுதான் இந்தக் கலையின் உயிர்நிலை. பெரும்பாலான நகைகள் ஒரே துண்டாகப் பிறப்பதில்லை. ஜிமிக்கிக்குக் குடை தனி, அடியில் தொங்கும் மணிகள் தனி, கொக்கி தனி. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு கம்பித்துண்டு. ஒவ்வொன்றையும் பொன்னைக் கொண்டே பொன்னோடு சேர்க்க வேண்டும். 22 காரட் பொன், கலப்பு எதுவென்பதைப் பொறுத்து, ஆயிரம் டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும். சேர்க்கும் பொருள் அதற்கு முன்பே உருகியாக வேண்டும். இல்லாவிட்டால் இணைப்பு உருகும் நேரத்தில் நகையும் சேர்ந்து உருகிவிடும். எனவே பொன்னோடு செம்பும் வெள்ளியும் கூட்டி, கொஞ்சம் தாழ்ந்த வெப்பத்தில் உருகும் கலவை ஒன்றைச் செய்து, அதைத் துருவி அல்லது நறுக்கி வைத்துக்கொள்வார்கள். பட்டறை மொழியில் அதற்குப் பேர் பொடி. பொடி வைத்து ஊதுவது என்று பேச்சு வழக்கில் நாம் சொல்வதைத்தான் பட்டறையில் நாள் முழுக்கச் செய்கிறார்கள்.

இப்போது பெரியவரின் கையை நெருங்கிப் பார்க்கலாம். சாமணத்தால் கண்ணியைப் பிடித்து, கரித்துண்டின்மேல் வைக்கிறார். வாய் திறந்திருக்கும் இடத்தில் வெண்காரக் கரைசலைத் தொட்டு வைக்கிறார். அதன்மேல் எள்ளில் பாதி அளவுக்கு ஒரு துணுக்கு பொடி. விளக்குச் சுடரை ஊதுகுழலால் சாய்த்து, நீல நுனியைக் கண்ணியின் பக்கவாட்டில் காட்டுகிறார். வெண்காரம் முதலில் பொங்கி வெள்ளையாக உப்புகிறது. நீர் போனதும் அமர்ந்து கண்ணாடிபோல உருகுகிறது. கன்னங்கள் உப்பியபடியே இருக்கின்றன. மூக்கால் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே கன்னத்துக் காற்றை வெளியே விடுகிறார். நாதஸ்வரக்காரர் மூச்சு அறுபடாமல் வாசிக்கும் அதே முறை. சுடர் அறுந்தால் வெப்பம் இறங்கிவிடும். சட்டென்று அந்தத் துணுக்கு ஒளிர்ந்து காணாமல் போகிறது. இடுக்கில் மெல்லிய வெள்ளிக்கோடு போல ஒன்று ஓடுவது தெரியும். உடனே சுடரை விலக்கிவிடுகிறார். இன்னும் ஓரிரு நொடி தாமதித்திருந்தால் கண்ணியே சுருண்டிருக்கும்.

அந்தச் சில நொடிகளுக்குள் வேதியியலும் இயற்பியலும் நெருக்கியடித்து நிற்கின்றன. பொன் காற்றோடு சேராது. ஆனால் அதிலுள்ள செம்பு சூட்டில் ஆக்சைடாகிக் கறுக்கும், கறுத்த பரப்பில் பொடி ஒட்டாது. உருகிய வெண்காரம் அந்தக் கறுப்பைக் கரைத்துக்கொண்டு, காற்றையும் உள்ளே விடாமல் போர்த்திவிடுகிறது. பொடி இடுக்கிற்குள் பாய்வது நுண்புழை ஏற்றத்தால். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் அதே விசையால்தான். இடுக்கு குறுகலாக இருந்தால்தான் அது இழுக்கும். அதனால் நல்ல ஆசாரி பொடியைக் கூட்டமாட்டார். இரு முனைகளையும் அரத்தால் ராவி ராவி, வெளிச்சம் தெரியாதபடி பொருத்துவார். பொருத்தம் சரியாக இருந்தால் பொடி குறையும், பொடி குறைந்தால் மாற்றும் நிலைக்கும். கைத்திறனும் நேர்மையும் ஒரே இடத்தில் கூடும் புள்ளி இது.

பொடியே இல்லாமல் சேர்க்கும் வழி ஒன்றும் பழங்காலத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. இத்தாலியில் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த எட்ருஸ்கர்கள் கடுகைவிடச் சிறிய பொன்மணிகளை நூற்றுக்கணக்கில் நகைமேல் பதித்தார்கள். எந்த மணியைச் சுற்றியும் ஒட்டுப்பொருள் வழிந்த தடம் இல்லை. இந்த வித்தை பின்னாளில் ஐரோப்பாவில் மறைந்துபோனது. 1933-ல் லிட்டில்டேல் என்ற ஆங்கிலேயர் அதைச் செய்யும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். செம்பு உப்பைப் பசையோடு குழைத்து மணிகளை ஒட்ட வேண்டும். சூடாக்கினால் உப்பு செம்பு ஆக்சைடாகும், பசை கரியாகும். இன்னும் சூடேறும்போது கரி ஆக்சைடிலிருந்து ஆக்ஸிஜனைப் பறித்துக்கொள்ள, அணுவணுவாகச் செம்பு மட்டும் மிஞ்சும். அந்தச் செம்பு பொன்னுக்குள் ஊறிக் கலக்கும் இடத்தில் மட்டும் உருகுநிலை சரிந்துவிடும். பொன் உருகுவது 1064 டிகிரியில், செம்பு 1085 டிகிரியில். எடையில் எண்பதுக்கு இருபது என்ற விகிதத்தை ஒட்டி இரண்டும் கலந்தால் 910 டிகிரி அளவிலேயே உருகிவிடும். இரண்டு பேரும் தனித்தனியே எட்டும் வெப்பத்துக்கு வெகு கீழே, கூட்டாக இளகுகிறார்கள். மணிக்கும் தகட்டுக்கும் நடுவே தொடும் இடத்தில் மட்டும் அந்த இளக்கம் நேர்வதால் மணி உருண்டையாகவே நிற்கும்.

பொடியின் வரலாற்றில் ஒரு துயரமான அத்தியாயமும் உண்டு. கேடிஎம் நகை என்று விளம்பரப் பலகைகளில் கொட்டை எழுத்தில் போட்ட காலம் பலருக்கும் நினைவிருக்கும். கேடிஎம் என்பது காட்மியத்தின் சுருக்கப் பெயர். செம்பும் வெள்ளியும் கலந்த பொடியில் பொன்னின் பங்கு வெகுவாகக் குறைந்துவிடும். காட்மியமோ சிறிதளவு சேர்த்தாலே உருகுநிலையை இறக்கிவிடும். 92 பங்கு பொன்னும் 8 பங்கு காட்மியமுமாகப் பொடி செய்யலாம். நகையின் தரம் ஒட்டிலும் குறையாது. வாங்குவோருக்கு லாபம்தான். விலை கொடுத்தவர் வேறொருவர். காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். ஒட்டு வைக்கும் வெப்பம் அதற்கும் மேலே. கரித்துண்டுக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, மூக்கால் மூச்சிழுத்து ஊதும் மனிதர் அந்த ஆவியை நேராகச் சுவாசித்தார். காட்மியப் புகை நுரையீரலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கிச் சேதப்படுத்தும், புற்றுநோயையும் உண்டாக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) விதி இப்போது காட்மியம் கலந்த பொடிக்கு இடம் தருவதில்லை. துத்தநாகம், இண்டியம் கலந்த பொடிகள் வந்துவிட்டன. லேசர் கருவிகள் பொடியே இல்லாமல் கண்ணியின் சொந்த உலோகத்தையே ஒரு புள்ளியில் உருக்கிச் சேர்க்கின்றன. ஆனாலும் கேடிஎம் என்பது ஏதோ உயர்ந்த தரம் என்று நினைத்துக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைக் கேட்பது ஒருவர் மூச்சுக்குழலை விலையாகக் கேட்பதற்குச் சமம் என்று தெரிந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

சுத்தத் தங்கத்திலேயே வளையல் செய்துவிட்டால் இந்த மாற்றுக் கவலை எதுவும் இல்லையே என்று தோன்றும். அப்படிச் செய்த வளையல் கொஞ்ச நாளில் கோணிப்போகும். பொன்னின் அணுக்கள் அடுக்கடுக்காக ஒழுங்காய் அமர்ந்திருக்கின்றன. ஓர் அடுக்கு இன்னொன்றின்மேல் எளிதில் வழுக்கும். அந்த வழுக்கலால்தான் ஒரே கிராம் பொன்னை ஒரு சதுர மீட்டர் ரேக்காக அடிக்க முடிகிறது. செம்பு அணு பொன்னணுவைவிடச் சிறியது. அது நடுவே போய் உட்கார்ந்தால் அடுக்கு நெளியும், வழுக்கல் தடைப்படும், உலோகம் கடினமாகும். வெள்ளி அணு ஏறத்தாழப் பொன்னணுவின் அளவே இருப்பதால் அவ்வளவு கடினம் தராது, நிறத்தை மட்டும் வெளுக்கும். செம்பு கூடினால் நகை சிவந்து தெரியும். சிவப்புத் தங்கமா மஞ்சள் தங்கமா என்று வாடிக்கையாளர் சொல்லும் ஒரு சொல்லுக்குப் பின்னால் இந்த விகிதம் இருக்கிறது.

அடிக்க அடிக்கவும் பொன் கடினமாகும். தகடாகத் தட்டும்போதும், துளைத்தகட்டில் கம்பியாக இழுக்கும்போதும் அடுக்குகளில் உண்டாகும் சிக்கல்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். ஓர் அளவுக்குமேல் போனால் விரிசல் விடும். அதனால் இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி ஆறவைப்பார்கள். அணுக்கள் மறுபடி ஒழுங்காக அமர்ந்துகொள்ளும். பெரியவர் அந்தச் சிவப்பைக் கண்ணால் பார்த்தே நிறுத்துவார். அறையின் விளக்கை அணைத்துவிட்டுக் காய்ச்சும் பழக்கம் பட்டறைகளில் இருப்பது இதற்காகத்தான். வெயில் வெளிச்சத்தில் சிவப்பு தாமதமாகத் தெரியும். அதற்குள் சூடு மீறிவிடும்.

இத்தனை அராவலுக்கும் இழுப்புக்கும் மெருகுக்கும் நடுவே பொன் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. அதுதான் சேதாரம். ரசீதில் எட்டு சதவீதச் சேதாரம் என்று போட்டால் 40 கிராம் நகைக்கு 3.2 கிராம் பொன்னின் விலையைக் கூடுதலாகக் கொடுக்கிறோம். அந்தப் பொன் எங்கே போகிறது? பெரும்பகுதி எங்கும் போவதில்லை. அராவிய தூள் பட்டடைக்குக் கீழே கட்டிய தோலிலோ இழுப்பறையிலோ விழுகிறது. பாலிஷ் துணியில் ஒட்டுகிறது. கை கழுவிய தண்ணீரில் போகிறது. பட்டறையைக் கூட்டிய குப்பையைக்கூட எரித்து, சலித்து, உருக்கிப் பொன்னை மீட்கிறார்கள். பட்டறைகள் நெருங்கிய தெருக்களில் சாக்கடை மண்ணை அள்ளி மரவையில் அலசி, பாதரசம் சேர்த்துப் பொன் துகளைப் பிடித்து, அந்தப் பாதரசத்தைச் சூட்டில் ஆவியாக்கிப் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு. பாதரசம் பொன்னை ஈர்த்துக் கரைத்துக்கொள்ளும் உலோகம். அதன் ஆவி நரம்பு மண்டலத்துக்கு நஞ்சு. நகைத்தொழிலின் ஓரத்தில் நிற்கும் இவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கையால் இழைத்த நகாசு வேலைக்குச் சேதாரம் கூடுவது நியாயம். இயந்திரம் நெய்த சங்கிலிக்கும் அதே சதவீதம் கேட்டால், ஏன் என்று கேட்கும் உரிமை வாங்குபவருக்கு இருக்கிறது. செய்கூலி என்பது உழைப்புக்கு. சேதாரம் என்பது இழப்புக்கு. இரண்டையும் தனித்தனியே எழுதச் சொல்வதே நல்லது.

ஆசாரியின் மனதிலுள்ள வடிவத்தை நம்பிக் கொடுக்கும் காலமும் மாறிவருகிறது. கோயம்புத்தூர் போன்ற நகைத் தொழில் நகரங்களில் வாடிக்கையாளர் சொல்லும் வடிவத்தைக் கணினித் திரையில் முப்பரிமாணத்தில் வரைந்து, மெழுகு போன்ற பொருளில் அச்சிட்டு, கையில் கொடுத்துவிடுகிறார்கள். போட்டுப் பார்க்கலாம், மாற்றச் சொல்லலாம். பிடித்துவிட்டால் அந்த மெழுகைச் சாந்துக்குள் புதைத்து, உலையில் மெழுகை எரித்துவிட்டு, காலியான குழிவுக்குள் பொன்னை ஊற்றுவார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் காவிரி வண்டலும் கொண்டு செப்புத் திருமேனி வார்ப்பதும் இதே தத்துவத்தில்தான். இதில் ஓர் அழகான கணக்கு உண்டு. மெழுகின் அடர்த்தி தண்ணீரை ஒட்டியது, 22 காரட் பொன்னின் அடர்த்தி ஏறத்தாழ 18. எனவே மெழுகு மோதிரம் அரை கிராம் இருந்தால் தங்க மோதிரம் 9 கிராம் வரும். பொன்னைத் தொடாமலேயே செலவைச் சொல்லிவிடலாம். எடை கூடுதல் என்றால் உட்புறத்தைக் குடைந்து மறுபடி அச்சிட்டுக்கொள்ளலாம்.

கல் பதித்த நகைக்கு இன்னொரு தராசு வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டுகளைப் பார்த்தால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கவலை எவ்வளவு துல்லியமாக இருந்தது என்பது புரியும். பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்ற பெயரில் ஒரு கல். மணிகள் பதித்த அணிகலன்களை நிறுக்கத் தட்சிணமேரு விடங்கன் என்ற பெயரில் இன்னொரு கல். இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு, இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. விதைகளில் பிறந்த எடைகள். விதைக்கு விதை சிறிது மாறக்கூடும் என்பதால் கோயிலுக்கென்று நிலையான கற்கள். ஒவ்வொரு நகையிலும் எத்தனை முத்து, எந்த வகை முத்து, எந்த வைரத்தில் கீறல், எதில் புள்ளி என்று வரிசையாக எழுதி, எடையைச் சொல்லும்போது சரடும் அரக்கும் உட்பட என்று குறித்திருக்கிறார்கள். இன்று கல் வைத்த ஆரம் செய்யக் கொடுப்பவர் எழுதி வாங்க வேண்டியதும் அதே பட்டியல்தான்: மொத்த எடை, கல் எடை, அரக்கு எடை, நிகரப் பொன் எடை. தென் மாவட்டத்துப் பாட்டிகள் அணிந்த பாம்படம் போன்ற காதணிகளில் உள்ளே அரக்கு நிறைத்துத்தான் மெல்லிய தகட்டுக்கு உறுதி தந்தார்கள். தகடு நசுங்காமல் இருக்க அது வேண்டும். பொன் விலைக்கு அரக்கை வாங்கிவிடாமலும் இருக்க வேண்டும்.

நகை முடிந்து கைக்கு வரும்போது அது சொன்ன தரத்தில் இருக்கிறதா என்று பார்க்க இப்போது உரைகல்லை மட்டும் நம்ப வேண்டியதில்லை. கடைகளில் இருக்கும் காரட் மீட்டர் நகைமேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, ஒவ்வொரு தனிமமும் திருப்பி உமிழும் கதிரின் ஆற்றலை வைத்துப் பொன் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று அரை நிமிடத்தில் சொல்கிறது. நகைக்குச் சேதமில்லை. ஆனால் அது பார்ப்பது மேற்பரப்பில் சில மைக்ரான் ஆழம் மட்டுமே. மேலே தடித்த முலாம் இருந்தால் ஏமாறும்.

ஏமாறாத சோதனை நெருப்புச் சோதனைதான். நகையிலிருந்து சிறு துணுக்கு வெட்டி நிறுத்து, வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் பொதிந்து, எலும்புச் சாம்பல் போன்ற நுண்துளைப் பொருளாலான கிண்ணத்தில் வைத்து உலைக்குள் விடுவார்கள். ஈயம் ஆக்சைடாகி, செம்பு முதலியவற்றையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள்ளேயே ஊறிப்போகும். பொன்னும் வெள்ளியும் மணியாக மிஞ்சும். அதைத் தட்டையாக்கி நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரைந்துவிடும். மிஞ்சியதை நிறுத்தால் அது சுத்தப் பொன். முன்பே வெள்ளி சேர்த்தது எதற்கென்றால், வெள்ளி போதுமான அளவு இருந்தால்தான் அமிலம் உள்ளே நுழைந்து முழுவதையும் கரைக்கும். இல்லாவிட்டால் பொன்னே வெள்ளிக்குக் கவசமாகிவிடும். பல நூற்றாண்டுப் பழைய இந்த முறையை இன்றைய ஆய்வகங்களும் கடைசித் தீர்ப்பாக வைத்திருக்கின்றன. உரைகல் நூற்றில் ஒன்றைப் பிடித்தால் இது பத்தாயிரத்தில் ஓரிரண்டைப் பிடிக்கும்.

இந்தியாவில் தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரைத் திட்டம் 2000-ல் தொடங்கியது. 2021 ஜூனிலிருந்து மாவட்டம் மாவட்டமாகக் கட்டாயமாயிற்று. கட்டாயமான மாவட்டங்களில் 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்கத் தனி அடையாள எண் இல்லாமல் கடையில் விற்க முடியாது. எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த அந்த அடையாளத்தைப் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் நகையின் தரமும் சோதித்த மையமும் தெரியும். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கும், குந்தன், போல்கி, ஜடாவு வகைகளுக்கும் விலக்கு உண்டு. சொந்தப் பொன்னைக் கொடுத்து ஆசாரியிடம் செய்துகொண்டவர்கள், முடிந்த நகையை ஹால்மார்க் மையத்துக்கு எடுத்துச் சென்று தரம் சோதித்துக்கொள்ளலாம். நல்ல ஆசாரிக்கு இதில் மனவருத்தம் வராது. தன் ஒட்டு எவ்வளவு சுத்தம் என்று எழுத்தில் கிடைப்பது அவருக்கும் பெருமைதான்.

இனி அளவு. வளையல் கடையில் இரண்டே நாலு, இரண்டே ஆறு என்று சொல்லும் எண்களைப் பலர் தசமம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டே நாலு என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பங்கும்: 57 மில்லிமீட்டர் உள்விட்டம். இரண்டே ஆறு 60 மில்லிமீட்டர். நடுவே மூன்றே மில்லிமீட்டர். அதுவே மணிக்கட்டில் நிற்கும் வளையலுக்கும் முழங்கைவரை ஓடும் வளையலுக்கும் உள்ள வித்தியாசம். மணிக்கட்டை அளந்து பயனில்லை. ஐந்து விரலையும் குவித்து, கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கும்போது கணுக்கள் எவ்வளவு அகலமோ அதுவே அளவு. மோதிரத்துக்கு அளவெடுக்கும் விரலோ வெயிலிலும் மாலையிலும் கொஞ்சம் உப்பும், குளிரிலும் காலையிலும் சுருங்கும். அகலமான மோதிரம் அதே அளவுக் குறுகிய மோதிரத்தைவிட இறுக்கமாக இருக்கும். அளவெடுக்க ஒரே நேரத்தை நம்பாமல் இரண்டு வேளை பார்ப்பது நல்லது.

பட்டறைத் திண்ணையில் அந்தப் பெண் கையை நீட்டுகிறாள். "விரலை நல்லாக் குவிம்மா, பயப்படாதே" என்று பெரியவர் சோப்புத் தண்ணீரைத் தடவி வளையலை ஏற்றுகிறார். முதல் வளையல் கணுவைத் தாண்டி இறங்கிவிடுகிறது. இரண்டாவது கட்டை விரல் மேட்டில் நிற்கிறது. "ஒரு நூல் கூட்டணும்" என்று அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பி, முத்திரை விழாத பக்கமாகப் பழைய ஒட்டைத் தேடுகிறார். கண்ணுக்குத் தெரியவில்லை. நகத்தால் தடவிப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்து, அங்கேயே வாளை வைக்கிறார். வெட்டிய வாய்க்கு நடுவே வைக்க அதே பொன்னில் எடுத்து வைத்திருந்த துண்டு காகிதப் பொட்டலத்தில் இருக்கிறது. அதை நிறுத்து, சீட்டில் எழுதி, அந்தப் பெண்ணின் அம்மாவிடம் காட்டிவிட்டு, ஊதுகுழலை எடுக்கிறார்.